உள்தாழ்ப்பாள்

வெயில் மண்டையைப் பிளந்தது. ஆம்பூர் லைன் வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில், கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள் பூங்குழலி. அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு ஃபரீதாவுக்குப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாம்மா, இந்த வெயில்ல வெளிய ஒக்காந்துனு இருக்கே? உள்ள யாரு?"

"அத்தைதான்க்கா. உள்தாழ்ப்பாள் போட்டிருக்காங்க."

அது போதாதா? மாமியார் கெங்கம்மாள் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருப்பவள். வாய் ஜாஸ்தி. மகன் ஓசூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து மருமகளைப் படுத்துகிறாள் என்று ஃபரீதா முடிவு கட்டினாள்.

"போன ஞாயித்துக்கெழமையும் உன்ன இப்டித்தான் வெளிய வெச்சா. நானும் பார்த்துனுதான் இருந்தேன்."

குழந்தை சிணுங்கியது. பூங்குழலி சட்டென்று அதைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். அது அடங்கிய பிறகுதான் திரும்பி வந்தாள்.

"ஏன், பச்சப்புள்ள அழுதாகூட உங்க அத்தை காதுல விழக் கூடாதா?"

"விழக் கூடாதுக்கா."

ஃபரீதாவுக்குப் பொறுக்கவில்லை. பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

"நீ இப்டி பயந்துனே இரு. நான் கேக்கறேன் அவள."

கதவைப் பார்த்து நடந்தவளுக்குக் குறுக்கே வந்து நின்றாள் பூங்குழலி. அந்த முகத்தில் பயமே இல்லை.

"தட்டாதீங்கக்கா. யாரும் தட்டிடக் கூடாதுன்னுதான் நானே காவலுக்கு ஒக்காந்திருக்கேன்."

"காவலா? யாருக்கு?"

பூங்குழலி குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தைக்கு உள்ள பரீட்சை நடக்குதுக்கா. ஷூ குவாலிட்டி செக்கிங் கோர்ஸ். போன்லயே ஃப்ரீயா சொல்லித்தர்றாங்க, தமிழ்ல. மிஷின்லயே ரிட்டயர் ஆவ மாட்டேன், சூப்பர்வைசர் ஆயிட்டுதான் வெளிய வருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க."

ஃபரீதா சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பரீட்சை எழுதறப்ப ரூம்ல வேற ஆள் இருக்கக் கூடாது. வேற சத்தம் கேக்கக் கூடாது. போன வாரம் பாப்பா அழுதது போன்ல கேட்டு, பாதில நிறுத்திட்டாங்க. இதான் கடைசி சான்ஸு. படிப்பு ஃப்ரீதான்க்கா. தனி ரூமுக்கு எங்க போறது? எங்களுக்கு இருக்கறதே ஒரு ரூம்."

"அதுக்காக இந்த வெயில்ல நீயும் கொழந்தையும்..." என்று இழுத்தாள் ஃபரீதா.

"எங்களுக்கு மரநிழல் இருக்குதேக்கா. அவங்க அந்தத் தகரக் கூரைக்குக் கீழ, சத்தம் போடுதுன்னு ஃபேனையும் நிறுத்திட்டு எழுதினு இருக்காங்க."