ஆமை கொண்டுபோன அறிக்கை

அடேய் சோம்பேறிங்களா, உங்களையும் விட மெதுவா நகர்ற ஒரு ஆமையோட கதை கேளுங்கடா.

காட்டுல எங்க அநியாயம் நடந்தாலும் ஆமைதான் விசாரிக்கணும். ஆனா அது எழுதுற அறிக்கைய சிங்கத்தோட சபையில படிக்கிறவரைக்கும் அதப்பத்தி வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு சட்டம்.

ஒரு தவளை அழுதுகிட்டே வந்துச்சு. "அண்ணே, எருமைங்க குட்டையில புரண்டு என் தலைப்பிரட்டைங்கள நசுக்குதுங்க."

ஆமை போய்ப் பார்த்துச்சு. அத்தனையும் நெசம். எழுதிச் சபைக்குக் கொண்டுபோச்சு.

"வெச்சுட்டுப் போப்பா, எங்க பதிலையும் சேர்த்துப் படிக்கிறோம்"னுச்சு சிங்கம்.

தவளை மறுபடி வந்துச்சு. "மத்த தவளைங்க இன்னும் அங்கதான் முட்டை போடுதுங்க. நான் சொன்னா நம்பல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"சபையில இருக்கும்மா"ன்னு ஆமை தலைய ஓட்டுக்குள்ள இழுத்துக்கிச்சு.

ஒரு மழைக்காலம் போய் அடுத்தது வந்தப்புறம்தான் அறிக்கையப் படிச்சாங்க. அருமைன்னு எல்லாரும் பாராட்டுனாங்க. எருமைங்கதான் ரொம்பச் சத்தமா குளம்பத் தட்டுச்சுங்க.

"பாரு, இப்பல்லாம் குட்டையிலேருந்து புகாரே இல்ல!"ன்னு சிங்கம் பூரிச்சுப்போச்சு.

"புகார் சொல்ல அங்க யாரும் மிச்சமில்லீங்க. எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டிருந்தேன்"னு ஆமை அலுப்போட சொல்லுச்சு.