நீலக் கட்டம்

"உன்னை நிரந்தரம் பண்றதை இப்போதைக்கு நிறுத்தி வெச்சிருக்கேன், ஜெயப்பிரியா. வேலைல அக்கறை போதலை."

மேனேஜர் ரவிச்சந்திரன் சொன்னதை ஜெயப்பிரியா நின்றபடியே கேட்டாள்.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"அமிர்தவல்லியம்மாவும் நீயும் ஒரே வேலைதான் பாக்கறீங்க. டெஸ்பாட்ச் ரிப்போர்ட்ல ஆளுக்குப் பாதி. அந்தம்மா இருட்டற வரைக்கும் உக்காந்து போடறாங்க. நீ அஞ்சு மணி ஆனா செய்யூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடற."

"என் பாதியை முடிச்சிட்டுத்தான் சார் போறேன்."

"அதெப்படி? இத்தனை வருஷ அனுபவம் உள்ளவங்களுக்கே முடியலையே."

ஜெயப்பிரியா எதையோ சொல்ல வாயெடுத்தாள். அறைக் கண்ணாடிக்கு அப்பால் அமிர்தவல்லி கீபோர்டில் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார்.

"சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ரவிச்சந்திரன் மாற்றலாகி, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து இந்தக் கம்பெனிக்கு வந்தவர். குடும்பம் திருச்சியில். இவருக்கு ஸ்டேஷன் அருகே ஒற்றை அறை. சாயங்காலத்துக்கு மேல் ஆபீஸில் மிஞ்சுவது இவரும் அமிர்தவல்லியும்தான்.

அன்றும் அப்படித்தான். பிரிண்டருக்குப் பேப்பர் தேடி ரவிச்சந்திரன் அமிர்தவல்லியின் மேஜைக்குப் போனார். அந்தம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்.

திரையில் எக்ஸெல். பாதிதான் நிரம்பியிருந்தது. ஓரத்தில் ஒரு நீலக் கட்டம், அதில் 'ரிப்போர்ட்' என்ற எழுத்து. மவுஸை அதன் மேல் கொண்டுபோனதும் அம்புக்குறி கை போல மாறியது. அழுத்தினார்.

திரை ஒருதரம் துடித்தது. மொத்த ரிப்போர்ட்டும் கூட்டல் போட்டு, கோடு கட்டி வந்து நின்றது.

"இது என்னம்மா?"

பாட்டிலோடு வந்த அமிர்தவல்லி அப்படியே நின்றுவிட்டார்.

"ஜெயப்பிரியா பண்ணிக் குடுத்தது சார். கட்டத்த அழுத்தினா மேக்ரோன்னு ஒண்ணு ஓடும். நாம பண்றதெல்லாம் அதுவே பண்ணிடும்."

"அப்புறம் ஏன் தினம் கையால போடறீங்க?"

அமிர்தவல்லி பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

"இத்த அழுத்தினா வேல சீக்கிரம் தீந்துடுது சார். வூட்டுக்குப் போவணும். பொண்ணு கல்யாணமாகி பூனா போனப்புறம் அங்க யாரு கீறாங்க? டிவியப் போட்டுட்டுதான் சமைக்கவே போறேன். யாரோ பேசிக்கினு கீறாப்ல இருக்கும். நான்தான் அவகிட்ட, சாருக்குச் சொல்லாதன்னு கேட்டுக்கினேன்."

மறுநாள் முதல் வேலையாக ஜெயப்பிரியாவைக் கூப்பிட்டார்.

"உன்னை நிரந்தரம் பண்ற ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டேன். ஆனா உன் வேலையே போயிருக்கும்மா. நேத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

ஜெயப்பிரியா கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள்.

"எனக்கு வூட்டுக்குப் போனா பேசறதுக்கு ஆள் இருக்கு சார். அமிர்தவல்லியக்காவுக்கு இல்ல. அத நான் வேற சொல்லணுமான்னு நெனச்சேன். நீங்களும்தானே சார், லைட்டை அணைக்கிற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கீங்க."