எதிர்வீட்டுச் சவரம்

எதிர்வீட்டுச் சேஷன் தன் முகத்தைத் தானே சவரம் செய்துகொள்ள ஆரம்பித்ததிலிருந்து பட்டாபிக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

கரமனை அக்ரஹாரத்தில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. நாவிதர் கோலப்பன் வருகிற நாளில் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து முகத்தைக் கொடுப்பதுதான் வழக்கம். சேஷனோ சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜெர்மன் மடக்குக் கத்தி வாங்கி வந்து, வாசல் ஜன்னலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, தினம் காலையில் நுரையும் கையுமாக நிற்கிறான்.

பட்டாபி பொதுவாக நல்லவன்தான். சேஷன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சறுக்கிவிடுவான். இருவரும் ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் தலைமை அலுவலகத்தில் ஒன்றாகச் சேர்ந்த குமாஸ்தாக்கள். உத்தியோக உயர்வு முதலில் சேஷனுக்கு வந்தது. அன்றிலிருந்து சேஷன் புதுக் குடை வாங்கினால்கூட இவனுக்குச் சோறு இறங்காது.

இந்தத் தடவை எரிச்சலுக்குக் காரணம் கத்தி மட்டும் அல்ல. சுப்புலக்ஷ்மி சிரித்துவிட்டாள்.

பட்டாபியின் மனைவி சுப்புலக்ஷ்மிக்குப் போன ஐப்பசியில் குழந்தை இறந்தே பிறந்தது. அதற்கப்புறம் அவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை. பூ வாங்கிக் கொடுத்தான், கோயிலுக்கு அழைத்துப் போனான், சங்குமுகம் கடற்கரைக்குக்கூடக் கூட்டிப்போய்ப் பார்த்தான். ஒன்றும் பலிக்கவில்லை.

அப்படிப்பட்டவள் ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "எதிராத்துச் சூடாமணியோட ஆத்துக்காரர் வெட்டின எடத்துல எல்லாம் காகிதம் ஒட்டிண்டிருக்கார். அப்படியே கச்சேரிக்குப் போயிடுவார் போலருக்கே" என்று சிரித்தாள்.

பட்டாபிக்குச் சுருக்கென்றது. தான் தலைகீழாக நின்றும் வராத சிரிப்பு, எதிர்வீட்டான் தாடையை வெட்டிக்கொண்டதும் வந்துவிட்டதே.

சேஷனின் மனைவி சூடாமணி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கல்லிடைக்குறிச்சிக்குப் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. பெண்டாட்டி ஊரில் இல்லாதவனுக்குத் தினசரி சவரம் எதற்கு என்று தெருவே பேசியது. அதுவும் தன் வீட்டைப் பார்த்த ஜன்னலில் எதற்கு என்று பட்டாபி கூடுதலாக யோசித்தான்.

சும்மா இருக்க முடியவில்லை. அவனும் ஒரு கத்தி வாங்கினான்.

முகத்தை வெந்நீரில் ஊறவைக்க வேண்டும், கத்தியைத் தோல்வாரில் தீட்ட வேண்டும், கன்னத்தோடு படுக்கவைத்து மேலிருந்து கீழே மெதுவாக இழுக்க வேண்டும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பொறாமையில் எல்லாம் மறந்துபோயிற்று. பச்சைத் தண்ணீரில் சோப்பைக் குழைத்துப் பூசி, கத்தியை நிமிர்த்திப் பிடித்து, கீழிருந்து மேலே ஓர் இழு இழுத்தான். ரத்தம் சட்டை வரைக்கும் வழிந்தது.

சுப்புலக்ஷ்மி சிரிக்கவில்லை. "உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்று படிகாரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அவனுக்குச் சிரிப்பு, எனக்குப் படிகாரமா? அன்று முழுவதும் கச்சேரியில் பட்டாபிக்கு வேலை ஓடவில்லை.

கோலப்பன் வந்தபோது அவரிடம் விசாரித்தான். சேஷனுக்கும் அவருக்கும் ஏதாவது சண்டையா?

"சண்டையொண்ணும் இல்லை சாமி. அவர் முகத்துல இப்போ நான் கத்தி வைக்க மாட்டேன். காரணத்தை நான் பறயக்கூடாது."

நாவிதரே கத்தி வைக்க மறுக்கிறார் என்றால் அவன் என்ன செய்திருக்க வேண்டும்? பட்டாபி கற்பனையை அவிழ்த்துவிட்டான். மறுநாள் காலையில் விறுவிறுவென்று தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குள் நுழைந்தான். சேஷன் பாதி முகத்தில் நுரையோடு திரும்பினான்.

"ஆம்படையா ஊர்ல இல்லாதப்போ யாருக்காகடா இந்தச் சிங்காரம்?"

சேஷன் கத்தியை மடக்கி வைத்தான். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"சூடாமணிக்கு ஏழாம் மாசம். அவ அம்மாவுக்கு ஒண்ணும் இல்லை. இங்கே யாருக்கும் தெரிய வேண்டாம்னுதான் முன்கூட்டியே போயிட்டா. கோலப்பன் ஆத்துக்காரி மருத்துவச்சி இல்லையா, அவனுக்கு மட்டும் தெரிஞ்சுபோச்சு. கர்ப்பிணியோட புருஷன் முகத்துல கத்தி வைக்க மாட்டேன்னுட்டான்."

பட்டாபிக்குச் சந்தோஷம் வரவில்லை. இவனுக்குப் பிள்ளையும் பிறக்கப்போகிறதே என்றுதான் நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலுக்குச் சாஸ்திரம் கைகொடுத்தது.

"அவன் சொன்னதுல என்ன தப்பு? ஆம்படையா மாசமா இருக்கறச்சே தாடி வளர்க்கணும்னு உனக்குத் தெரியாதா? நான் வளர்க்கலையா? தினம் கத்தி வச்சுக்கறயே, குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னடா பண்ணுவே?"

"அந்தப் பயம் இல்லேன்னா நினைக்கறே? கத்தியை எடுத்தாலே கை நடுங்கறது. இந்த வெட்டெல்லாம் அதனாலதான்."

"அப்புறம் எதுக்குடா இந்த வீம்பு?"

சேஷன் ஜன்னல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"போன ஐப்பசியில குழந்தை போனப்புறம் நீ தாடியை எடுத்துட்டு உள்ளே வந்ததைப் பார்த்து உன் ஆம்படையா கதறினாளே, அன்னிக்கு அவளைத் தாங்கிப் பிடிச்சிண்டவ சூடாமணிதான். ஊருக்குக் கிளம்பறப்போ என் கையைப் பிடிச்சிண்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'எதிராத்துல இன்னொரு தாடி வளர்றதை அவ பார்க்க வேண்டாம். நீங்க தினம் எடுத்துடுங்கோ, நம்ம குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது'ன்னா."