இளம்பரிதியைக் கொல்லச் சொன்னது நான்தான்

சமையலறையில் காஸ் வெடித்த விபத்துக்குப் பிறகு, என் மனைவி தமயந்திக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தது ஒரு காதல் நாவல். அவளுக்காகவே தினமும் காலையில் ஓர் அத்தியாயம் கைபேசிக்கு வரும். அதன் நாயகன் இளம்பரிதியைப் படிக்கும்போது மட்டும் சிரிப்பாள். என்னிடம் சிரித்து இரண்டு வருடம் ஆகிறது.

திருட்டுத்தனமாகப் படித்துப் பார்த்தேன். அப்படி என்ன பெரிய மன்மதன்? சோறு வடிக்கிறான். குக்கர் விசில் கேட்டால் கதாநாயகிக்கு ஆகாதாம். வேலைவெட்டி இல்லாதவன்.

கிளினிக்குக்குப் போனேன்.

"கணவர் கையெழுத்து போட்டா கதையை மாத்தலாம் சார். இளம்பரிதியை வெளிநாட்டுக்கு அனுப்பிடலாமா?" என்றாள் கவுன்ட்டர் பெண்.

"திரும்பி வந்துருவான். கொன்னுடுங்க."

மறுநாள் காலை நான் சமைத்துக்கொண்டிருந்தபோது தமயந்தி கைபேசியோடு வந்தாள்.

"பரிதி போயிட்டாருங்க" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அழுகை அவனுக்கு. ஆனாலும் தோள் என்னுடையது. இறுக அணைத்துக்கொண்டேன்.

அடுப்பில் நான் வைத்திருந்த குக்கர் விசிலடித்தது. அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. காதுகளைப் பொத்திக்கொண்டு விலகி, சுவரோரம் போய் நின்றாள்.

"அவரு வடிச்சுத்தான் வைப்பாரு" என்றாள்.