மதியம் ஒன்று பத்து

"ஏங்க, நீங்க உள்ள குளிச்சிட்டு இருக்கீங்க. உங்க போன்ல இருந்து பாப்பாவுக்கு யாருங்க பதில் போடுறது?"

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த தமிழ்மணி அப்படியே நின்றுவிட்டார். பானுமதியின் கையில் அவருடைய செல்போன் இருந்தது. திரையில் மூன்றே வரிகள்.

'அப்பா, சாப்ட்டீங்களா?'

'சாப்ட்டேன் கண்ணு. நீ?'

'சாப்ட்டேன்ப்பா. பை!'

முதல் வரியும் கடைசி வரியும் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் காவேரியிடமிருந்து வந்தவை. நடு வரி இவர் பெயரில் போயிருந்தது. இவரோ இன்னும் காலை டிபனையே தொடவில்லை.

"அது வந்து... ஒரு சின்ன புரோகிராம் பானு. அவ மெசேஜ் வந்தா அதுவே பதில் போட்டுடும்."

"எத்தன நாளா?"

"மூணு மாசமா."

பானுமதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் கத்தினால் தமிழ்மணிக்குப் பயமில்லை. கத்தாமல் உட்கார்ந்தால்தான் பயம்.

இருபத்துமூன்று வருடமாக பெங்களூரு கம்பெனிகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பவர். கொரோனா சமயத்தில் பாப்பிரெட்டிப்பட்டி வீட்டுக்கே ஆபீஸ் வந்தது, அதன்பின் போகவே இல்லை. வீட்டோடு இருக்கிறார் என்று பேர்தான். அமெரிக்காக்காரன் வேலையை முடிக்கிறவரை இவருக்குத் தூக்கம் கிடையாது. முதுகு போய், கண் போய், வேளைக்குச் சாப்பிடுவதும் போயிற்று. அலுப்பு மட்டும் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.

"நான் வேணும்னா பண்ணேன்? ஜூலை மாசம் வேலை நெருக்கடியில நாலு நாள் பதில் போடாம விட்டுட்டேன். 'என்மேல கோவமாப்பா'ன்னு சாயந்திரம் போன் பண்ணி அழுதா. இனிமே ஒரு நாளும் மறக்கக் கூடாதுன்னுதான்..."

"அதுக்கு மிஷினை வெச்சிட்டீங்களாக்கும்! பரீட்சை அன்னிக்குக்கூட ஒண்ணு பத்துக்கு டான்னு கேட்டுது என் புள்ள. ஒரு நாள் தவறல. அதுக்கு இருக்கிற பாசம் உங்களுக்கு இருக்குதுங்களா? அவளும் கம்ப்யூட்டர்தான் படிக்கிறா. உங்களாட்டம் ஆயிடக் கூடாது, சாமி!"

மகள் கேட்காமல் விட்டிருந்தால்கூட தமிழ்மணிக்கு மனது இவ்வளவு குத்தியிருக்காது.

"நாளைக்கே நேர்ல போயி உங்க வாயால சொல்லிடுங்க. இல்லீன்னா நான் சொல்லிப்புடுவேன். நான் சொல்லித் தெரிஞ்சா, அப்புறம் நீங்க நெசமாவே சாப்ட்டேன்னாலும் அவ நம்ப மாட்டா."

மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினார். தர்மபுரியில் பஸ் மாறினார். பாலக்கோடு ரோட்டில் தக்காளி ஏற்றிய டிராக்டர் ஒன்று வழிவிடாமல் முன்னால் போக, பஸ் அதன் பின்னாலேயே ஊர்ந்தது. அந்த நேரத்தில் செல்போனை எடுத்துப் புரோகிராமை அழித்தார். பெற்ற மகளிடம் பேசுவதற்குக் கூலிக்கு ஆள் வைத்த மாதிரி வெட்கமாக இருந்தது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்து யோசித்து, 'தப்புதான் கண்ணு' என்பதைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.

காலேஜ் கேட்டில் வாட்ச்மேன் மாது ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"யாரைங்க பாக்கோணும்?"

"காவேரின்னு, என் பொண்ணு. கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாம் வருசம்."

"சாப்பாட்டு நேரந்தானுங்க. உக்காருங்க சார், சொல்லி அனுப்புறேன்."

உள்ளே போன ஒரு மாணவனிடம் சொல்லி அனுப்பினார். தமிழ்மணி உட்கார்ந்தார். செல்போன் அதிர்ந்தது. மணி ஒன்று பத்து.

'அப்பா, சாப்ட்டீங்களா?'

கண் கலங்கிவிட்டது. பானு சொன்னது சரிதான். எத்தனை பாடம், எத்தனை பரீட்சை, அதற்கு நடுவில் இந்த அலுத்துப்போன அப்பனை ஒரு நாள்கூட மறக்கவில்லையே! மூன்று மாதத்தில் முதல் தடவையாகத் தன் விரலாலேயே எழுதினார்.

'இன்னும் இல்ல கண்ணு. உங்க காலேஜ் கேட்லதான் உக்காந்திருக்கேன். உன்கிட்ட ஒரு தப்பை ஒத்துக்கணும். வெளியே வா, சேர்ந்து சாப்பிடலாம்.'

அனுப்பிவிட்டு விரலை எடுப்பதற்குள் பதில் வந்து விழுந்தது.

'சாப்ட்டேன்ப்பா. பை!'

தமிழ்மணி அதை இரண்டு முறை படித்தார். அவசரத்தில் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார். கேட் பக்கம் யாரும் வரவில்லை.

"இப்பதான் மெசேஜ் போட்டேனுங்க. உடனே பதிலும் போட்டுட்டா. ஆளைத்தான் இன்னும் காணோம்."

மாது சிரித்துக்கொண்டே மேசைக்கு அடியில் இருந்த பெரிய மரப்பெட்டியைக் காலால் தட்டிக் காட்டினார்.

"அதெப்படிங்க சார் பதில் போடும்? ஜூன் மாசத்துல இருந்து அத்தன புள்ளைங்க போனும் காலையில எட்டரைக்கே இந்தப் பொட்டிக்குள்ள போயிடுது, சாயந்திரம் அஞ்சு மணிக்குத்தான் அதுங்க கைக்கே திரும்பக் கிடைக்கும்!"