கழற்ற ஒரு நிமிடம்

தலைக்கவசமும் முகமூடியும் கனத்த தீத்தடுப்புக் கோட்டுமாகக் கணவர் கூடத்தில் மல்லாந்து கிடந்தார். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு மனைவி அருகே மண்டியிட்டாள்.

“சிரிக்காதீங்க. நீங்க மூச்சில்லாம கிடக்கீங்க.”

“கிடக்கேன். ஒரு நிமிஷத்துல எல்லாத்தையும் கழட்டி நெஞ்சுல கை வெச்சாத்தான் நாளைக்குப் பாஸ். ஆனா நிஜமா அமுக்கிடாதே, தாயே. தலையணையில அமுக்கு.”

இருமுறை தோற்றவளுக்கு நாளையது கடைசி வாய்ப்பு. இம்முறையும் கோட்டின் கொக்கியில் விரல்கள் தடுமாறின.

“எழுபத்தொண்ணு,” என்றார் அவர், கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து. “நேத்துக்கு இது தேவலை.”

மறுபடியும் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு படுத்து, கடிகாரத்தை முடுக்கினார். அந்நேரம் பார்த்து, எதிரிலிருந்த தீயணைப்பு நிலையத்தில் நீண்ட மணி அலறியது. விடுப்பில் இருப்பவரும் ஓடிவர வேண்டிய மணி அது.

அவள் கைகள் பறந்தன. கவசமும் முகமூடியும் கோட்டும் மளமளவெனக் கழன்றன. கழற்றிய கோட்டைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, மற்றவற்றை வாரியெடுத்து, அவள் தெருவைக் கடந்து ஓடினாள்.

தையற்கடைக்காரரான கணவர் பனியனோடு வாசலுக்கு வந்து கடிகாரத்தை உயர்த்திக் காட்டினார்.

“முப்பத்தெட்டு! நாளைக்கும் மணி அடிக்கச் சொல்லட்டுமா?”