அழகுக்கு வைத்த படம்

பார்வையில்லாதவர்களுக்கும் எட்டும்படி இணையப் பக்கம் எழுதும் பயிற்சியில் அது இரண்டாவது பாடம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விவரிப்பு எழுத வேண்டும். கணினி அதைச் சத்தமாகப் படிக்கும். வெறும் அழகுக்கு வைத்த படமென்றால் விவரிப்புக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். கணினி அதைத் தாண்டிப் போய்விடும். எங்கள் கல்லூரிப் பக்கத்தில் இரண்டு படங்கள். மேல் படத்தில் நான் பட்டுப்புடவையில், கத்தரிக்கோல் வைத்த தட்டோடு நிற்கிறேன். கீழ்ப் படத்தில் தாளாளர் புதிய ஆய்வகத்துக்கு ரிப்பன் வெட்டுகிறார். அந்த ஆய்வகத்தைப் போராடி வாங்கி, கருவி கருவியாகச் சேர்த்தவள் நான்.

"மேல இருக்கறது சும்மா அழகுக்குத்தானே மேடம், காலியா விட்டுடுங்க," என்றார் துறைத் தலைவர் இளவழுதி. "வேணும்னா புடவை கலரைப் போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காக என் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நான் எழுதி முடித்த பக்கத்தைச் சோதிக்க, பார்வையில்லாத நூலகர் எமல்டா வந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் ஓடவிட்டாள்.

"இந்த ஆய்வகத்தை உருவாக்கிய முனைவர் சுடர்க்கொடி, வேறொருவர் வெட்டப்போகும் ரிப்பனுக்காகத் தட்டு ஏந்தி நிற்கிறார்," என்றது இயந்திரக் குரல். அடுத்து நேராகப் பக்கத்தின் அடியிலிருந்த தொலைபேசி எண்ணைப் படித்தது.

"ரெண்டு படம்னாங்களே, இன்னொண்ணு எங்கக்கா?" என்றாள் எமல்டா.

இளவழுதி திரையைப் பார்த்தார். தாளாளர் அங்கேதான் பல் தெரிய நின்றுகொண்டிருந்தார்.

"அது சும்மா அழகுக்கு வச்சது, எமல்டா," என்றேன்.